சரளைப் பாதையில் சைக்கிள் டயர்

சிம்பாங் பூலாய் சுண்ணாம்புக்கல் குவாரிகளுக்குப் பேர்போன ஊர். இங்கே சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டும் நாம், டயரைக் கல்போல் இறுக்கிக் காற்றடித்தால்தான் வண்டி நன்றாக ஓடும் என்று நம்புகிறோம். உண்மைதானா?

காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்ற டன்லப், அதற்கு முன் கெட்டி ரப்பர்ச் சக்கரத்தையும் காற்றடைத்த சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். காற்றடைத்ததே அதிகத் தூரம் ஓடியது.

நாமும் சோதிப்போம். லோரி வராத மென்சரிவில், ஒரே இடத்திலிருந்து மிதிக்காமல் உருண்டு, வண்டி நிற்கும் இடத்தில் குச்சி நடுவோம். ஒவ்வொரு முறையும் காற்றை மட்டும் சிறிது குறைப்போம். கல்லில் துள்ளும் டயர் வேகத்தையும் பிடிமானத்தையும் இழக்கிறது. சற்று நெகிழும் டயர் கல்லைத் தழுவி ஓடுகிறது. அளவுக்கு மீறிக் குறைத்தாலோ, ரிம் இடித்து டியூப் கிழியும். பின்னால் பிள்ளையை ஏற்றினால் காற்றைச் சற்றுக் கூட்டுவோம். வளைவில் அந்தப் பிடிமானம்தான் பிள்ளையைக் காக்கும்.