பழைய ஜீப் பிக்கப்புக்கு டிஸ்க் பிரேக்: மாத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசுவோம்

தியாகதுருகத்துலேர்ந்து பேசுறேன். உளுந்தூர்பேட்டை–சேலம் ரோட்டுல போனவங்க எங்க ஊர் மலைக்கோட்டையைப் பார்த்திருப்பீங்க. நான் பழைய மகிந்திரா வண்டிங்க வேலை பாக்குற மெக்கானிக். போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: “அண்ணா, எங்க தாத்தாவோட ஜீப் பிக்கப் இருக்கு, டிஸ்க் பிரேக் போடலாமா, முன்னாடி சஸ்பென்ஷன் மாத்தலாமா?”

போடலாம். ஆனா வண்டி எங்க ஓடப்போகுதுன்னு முதல்ல சொல்லுங்க. ஈசிஆர்ல ஞாயித்துக்கிழமை ஓடுற வண்டி வேற. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறி இறங்குற வண்டி வேற. கல்வராயன் மலைக்கிராமங்கள்ல பிக்கப்புங்கறது சரக்கு வண்டி மட்டும் இல்ல. மரவள்ளி மூட்டை மேல ஆளும் உக்காந்து வருவாங்க. சட்டப்படி தப்புதான், ஆனா பஸ் எப்பவோ ஒண்ணு வர்ற ஊர்ல அதுதான் நடக்குது. அதனால பிரேக்கைப் பத்திப் பேசும்போது பின்னாடி உக்காந்திருக்கறவங்களை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் பேசணும்.

ஒரு சின்ன கணக்கு. லோடோட 2 டன் இருக்கற வண்டி, 500 மீட்டர் உயரம் கீழ இறங்குதுன்னு வெச்சுக்கோங்க. அந்தச் சக்தி மொத்தத்தையும் பிரேக்கே வாங்கினா, 30 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கற அளவு சூடு வரும். எஞ்சின் பிரேக்கிங் ஒரு பங்கை எடுத்துக்கும், அதனாலதான் பெரியவங்க “ஏறுன கியர்லயே எறங்கு”ம்பாங்க. மிச்சச் சூடு டிரம்முக்குத்தான் போகுது.

டிரம் சூடானா விரியும். விரிஞ்சா ஷூவை விட்டு விலகிப் போகும், பெடல் கீழ போகும். டிஸ்க்குல இந்தத் தொந்தரவு இல்ல, காத்துலயே இருக்கு, சீக்கிரம் ஆறும். ஓடையைத் தாண்டினாலும் சுத்தும்போதே தண்ணியை உதறிடும். இதெல்லாம் நிஜம். ஆனா டிரம்முக்கு ஒரு குணம் உண்டு: சுத்துற வேகமே ஷூவை இழுத்து இன்னும் அழுத்தமா ஒட்டவைக்கும். டிஸ்க்குல அந்த உதவி கிடையாது. காலாலதான் அழுத்தணும், இல்லன்னா பூஸ்டர் வேணும்.

பூஸ்டர்னதும் நெட்டுல பாத்துட்டு வர்ற தம்பிங்க பெட்ரோல் வண்டி வீடியோவைக் காட்டுவாங்க. பெட்ரோல் எஞ்சின்ல இன்டேக் மேனிஃபோல்டுலயே வேக்கம் இருக்கு. நம்ம பழைய மகிந்திரா டீசல்ல அது இல்ல. தனியா வேக்கம் பம்ப் வேணும். ஆல்டர்னேட்டரோட சேர்ந்தே வர்ற பம்ப் கிடைக்குது, அதைப் போடலாம். பம்ப் இல்லாம பூஸ்டரை மட்டும் மாட்டினா பெடல் கல்லு மாதிரி இருக்கும்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். என்னைக் கேட்டா முதல் வேலையே இதுதான், டிஸ்க் அப்புறம். பழைய ஜீப்புல ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு சக்கரத்துலயும் பிரேக் போச்சு. அமெரிக்காவுல 1968லேர்ந்து கார்களுக்கு ரெண்டு சர்க்யூட் சட்டமாவே ஆயிடுச்சு. டேண்டம் மாஸ்டர் போட்டா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும். காசு கம்மியா இருக்கறவங்க, டிரம்மையே நல்லாக் கடைஞ்சு, புது லைனிங், புது வீல் சிலிண்டர், டேண்டம் மாஸ்டர் போட்டாலே போதும்னு சொல்லுவேன். டிஸ்க் பார்க்க அழகு, அவ்ளோதான் சில வண்டிக்கு.

டிஸ்க்கே போடறதுன்னா, முன்னாடி மட்டும் போடுங்க. இறக்கத்துல எடையெல்லாம் முன்னாடிதான் சாயும். கேலிப்பர் பிஸ்டன் பெருசு, ஆயில் அதிகம் கேட்கும், அதுக்கேத்த போர் இருக்கற மாஸ்டர் வேணும். பழைய ஜீப்புல மாஸ்டர் காலடியில, ஃபுளோருக்குக் கீழ இருக்கும். அந்த உயரத்துல கேலிப்பர்லேர்ந்து ஆயில் திரும்பி வழிஞ்சிடும். அதுக்கு 2 பிஎஸ்ஐ வால்வு. பின்னாடி டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ. டிரம்மோட வால்வை டிஸ்க் லைன்ல விட்டீங்கன்னா பேட் உரசிக்கிட்டே ஓடும், தொட்டா கை வெந்துடும்.

ஆயில் பத்தி யாரும் யோசிக்கறதே இல்ல. டாட் 3 புதுசா இருக்கும்போது 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சினதுக்கப்புறம் 140 வரைக்கும் இறங்கலாம். கொதிச்சா குமிழி, குமிழி வந்தா பெடல் ஸ்பாஞ்ச். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க, 200 ரூவா விஷயத்துக்கு உயிரைப் பணயம் வைக்காதீங்க.

இப்போ சஸ்பென்ஷன். அமெரிக்காவுல பழைய ஃபோர்டு எஃப்-100 பிக்கப்புக்கு மஸ்டாங் 2 காரோட முன் சஸ்பென்ஷனை வெட்டி வைப்பாங்க. வெல்டிங்கும் அலைன்மென்டும் சரியா இருந்தா ஹைவேக்கு சொகுசுதான். மூட்டையும் குழியும் இருக்கற ரோட்டுக்கு எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. பட்டை ஸ்பிரிங்கே இருக்கட்டும், ஆனா அதைச் சரியா வைக்கணும்.

ஏன்னா பிரேக் பலமாச்சுன்னா பட்டைக்கும் வேலை கூடும். நல்லா அழுத்தும்போது ஆக்சில் உருள முயற்சி பண்ணும், பட்டை ‘எஸ்’ மாதிரி வளையும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். புஷ் தேஞ்சிருந்தா, யூ போல்ட் லூசா இருந்தா, இன்னும் மோசம். அதனால பிரேக் வேலையோடவே ஷாக்கிள் புஷ், யூ போல்ட், கிங்பின் பேரிங், டை ராடு எண்டு எல்லாம் பாத்துடணும். உயரம் வேணும்னு கூடுதல் பட்டை சொருகறது இங்க பெரிய பழக்கம். காலி வண்டியில முன்சக்கரம் குதிக்கும், குதிக்கும்போது பிரேக் பிடிச்சா சக்கரம் லாக் ஆகும். கேஸ்டர் கோணமும் மாறி, வேகத்துல ஸ்டியரிங் ஆடும். நல்ல ஷாக் அப்சார்பர்தான் டயரை ரோட்டுல வெச்சிருக்கும், பட்டை இல்ல.

ஹேண்ட்பிரேக்கைக் கழட்டிடாதீங்க. பழைய ஜீப்புல அது சக்கரத்துல இல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி ஷாஃப்டைப் பிடிக்குது. ஆயில் பிரேக் மொத்தமா போனாலும் அது தனியா நிக்கும். நிறைய பேர் “வேலை செய்யல”ன்னு விட்டுடறாங்க, அட்ஜஸ்ட் பண்ணினா செய்யும்.

சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. 2019 ஜனவரியில கேரளா வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொல்லிச்சு. சரக்கு வண்டின்னா எஃப்சிக்குப் போயாகணும். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மோட்டார் வாகன ஆய்வாளரைப் பாத்து, என்ன மாத்தப் போறோம்னு சொல்லி, எழுத்துல கேட்டுக்கோங்க. பில்லை எல்லாம் ஒரு கவர்ல வைங்க.

வேலை முடிஞ்சதும் ஏர் எடுக்கறது மாஸ்டருக்குத் தூரமா இருக்கற சக்கரத்துலேர்ந்து. நம்ம வலது ஸ்டியரிங் வண்டிக்கு பின்னாடி இடது பக்கம் முதல்ல. அப்புறம் காலி வண்டியில கள்ளக்குறிச்சி வரைக்கும் ஒரு ரவுண்டு, இறங்கி நாலு ஹப்பையும் கை வெச்சுப் பாருங்க. ஒண்ணு மட்டும் அதிகமா சுட்டா, மலைக்கு ஏத்தாதீங்க.