இந்தக் கல்லூரி தந்த காது

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அக்கா தொலைபேசியில் கேட்டபோது, "நீரிழிவைப் பற்றிப் பேசட்டோ, இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசட்டோ?" என்று கேட்டேன். "அதை நீர் கிளினிக்கிலை சொல்லும். எங்களுக்கு உமக்குப் பிடிச்ச விசயம் ஒண்டைச் சொல்லும்" என்றார். எனக்குப் பிடித்த விடயம் ஹெவி மெற்றல் இசை என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தக் கத்துற பாட்டோ?" என்று கேட்டார். ஓம், அந்தக் கத்துற பாட்டுத்தான். அப்படியிருந்தும் என்னை மேடையேற்றிய செயற்குழுவின் துணிச்சலுக்கு முதலில் நன்றி சொல்கிறேன்.

எனக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. பதினைந்து வயதில் தொடங்கிய இந்த விருப்பம் இன்னும் குறையவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "இராமநாதனில் படிச்ச பிள்ளைக்கு இது எப்படிப் பிடிச்சது?" இராமநாதனில் படித்ததால்தான் பிடித்தது என்பதே என் பதில். அதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

எங்கள் சங்கீத வகுப்பை நினைத்துப் பாருங்கள். முதலில் தம்புராவைச் சுருதி சேர்ப்பது. சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம். அந்த ஓசைக்குள் பத்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்வார் ரீச்சர். அதன் பிறகுதான் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. பக்கத்திலே இராமநாதன் நுண்கலைக் கழகம். 1960 இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெரிய வித்துவான்கள் அதிபராக இருந்திருக்கிறார்கள். கொஞ்சம் தெற்கே போனால் இணுவில், வடக்கே போனால் அளவெட்டி. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்க விடியவிடியக் கோயில் வீதியில் இருந்ததாக அப்பா சொல்லுவார். 1975 இல் அவர் காலமானபோது எனக்கு ஐந்து வயது. ஆனாலும் அவருக்குப் பின் வந்தவர்களின் மேளச்சமாவைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். நான்கு நாதஸ்வரமும் நான்கு தவிலும் ஒன்றாக முழங்கும் வீதியில் வளர்ந்த பிள்ளையிடம் போய், "சத்தமான இசை கூடாது" என்று சொல்லலாமோ?

1985 இல் பெரியப்பாவின் மகன் ஜேர்மனிக்குப் போகும்போது தன் கசற் பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். யாழ்ப்பாணத்து றெக்கோடிங் பார் ஒன்றில் பதிந்தவை. பெரும்பாலும் இளையராஜா. ஒன்றில் மட்டும் ஒரு பக்கம் பிளக் சபத், மறுபக்கம் அயன் மெய்டன். போட்டுப் பார்த்தபோது முதலில் எனக்குக் கேட்டது சட்ஜமும் பஞ்சமமும்தான்.

இதற்குக் காரணம் உண்டு. மின்கிற்றாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைக்கும்போது அதில் உபசுரங்கள் பெருகிவிடும். அந்த நிலையில் காந்தாரத்தையும் சேர்த்து வாசித்தால் எல்லாம் கலங்கிப்போகும். அதனால் காந்தாரத்தை விட்டுவிட்டு, சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து அடிக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்குப் பவர் கோட் என்று பெயர். எங்கள் தம்புராவின் குதிரையில் ஒரு நூலைச் செருகி, தந்தியின் ஒலியை விரிய வைக்கிறோமே, அதுவும் உபசுரங்களைப் பெருக்கும் வேலைதான். மெற்றல் குழுக்கள் மிகவும் விரும்பும் ஃபிரிஜியன் என்ற சுரவரிசையைச் சரளி வரிசை போலப் பாடிப் பாருங்கள், தோடியின் சுரங்கள் வரும். கமகம் இராது. சுரங்கள் அவைதான். பிளக் சபத் குழுவின் பெயரையே கொண்ட முதற் பாட்டு சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம் என்று நகர்கிறது. சட்ஜத்துக்கும் அந்த மத்திமத்துக்கும் உள்ள இடைவெளியை ஐரோப்பியர் ஒருகாலத்தில் பிசாசின் இடைவெளி என்றார்கள். நாங்கள் அதே மத்திமத்தை வைத்துக் கல்யாணி பாடிக் கலியாணமே நடத்துகிறோம்!

இந்தக் கனத்த ஓசை எங்கிருந்து வந்தது என்ற கதை மருத்துவரான எனக்கு மிகவும் நெருக்கமானது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் தொழிற்சாலை நகரம். அங்கே உலோகத் தகடு வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்த ரொனி அயோமி என்ற பதினேழு வயதுப் பெடியனுக்கு, வேலையின் கடைசி நாளன்று வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனியில் துண்டிக்கப்பட்டன. அவர் இடக்கைக்காரர். கிற்றாரின் தந்தியை அழுத்தும் கை அந்த வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹாட் வாசித்த இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். ஜாங்கோ, தீக்காயத்தால் இரண்டு விரல்கள் முடங்கிய பின்னும் வாசித்த மேதை. அயோமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கித் தனக்கு விரல் நுனிகள் செய்து, அவற்றின் மேல் தோல் ஒட்டிக்கொண்டார். தடித்த தந்தியை அழுத்த வலி விடவில்லை. மெல்லிய தந்திகளைக் கட்டினார். சில ஆண்டுகளில் சுருதியையும் இறக்கித் தந்திகளைத் தளர்த்தினார். ஓசை தாழ்ந்தது, கனத்தது. 1970 இல் பிளக் சபத்தின் முதல் இசைத்தட்டு வந்தது. ஹெவி மெற்றல் அதிலிருந்துதான் தொடங்கியது என்று பலரும் சொல்வார்கள்.

2012 இல் அவருக்கு நிணநீர்க்கலப் புற்றுநோய் என்று கண்டறிந்தார்கள். சிகிச்சைக்கு இடையிலேயே அவர் வாசித்த '13' என்ற இசைத்தட்டு 2013 ஜூனில் வெளிவந்து பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. டெவ் லெப்பர்ட் குழுவின் ட்றம்ஸ் கலைஞர் றிக் அலன் 1984 ஆம் ஆண்டின் கடைசி நாளில் கார் விபத்தில் இடது கையை இழந்தார். கால்களால் மிதித்து இயக்கும் மின்கருவிகளைச் செய்வித்து 1986 இல் மேடைக்குத் திரும்பினார்.

இவற்றை நான் சும்மா சேர்த்து வைக்கவில்லை. எங்கள் மண்ணில் கையும் காலும் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்னிடம் வந்த ஒருவர் மிருதங்கம் வாசித்தவர். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. "விரல் போனதைவிட வாத்தியம் போனதுதான் துக்கம், டொக்ரர்" என்றார். அயோமியின் கதையைச் சொன்னேன். பேசாமல் கேட்டுவிட்டுப் போனார். ஆறு மாதத்துக்குப் பின் வந்தபோது, மகளைப் பக்கத்தில் இருத்திப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். அவர் திரும்ப மேடையேறவில்லை. ஆனால் மூடிக் கிடந்த மிருதங்கம் உறையை விட்டு வெளியே வந்துவிட்டது. எனக்கு அது போதும்.

இனிப் போர்க்காலத்துக்கு வருகிறேன். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் ரேப் கேட்ட காலம். தம்பிதான் சுற்றுவான். அவன் கை சோர்ந்தால் அயன் மெய்டன் முகாரி பாடத் தொடங்கிவிடும். அம்மம்மா, "இதுக்கோ பிள்ளை இவ்வளவு பாடுபடுறியள்?" என்று கேட்பார்.

ஏன் அவ்வளவு பாடுபட்டோம்? ஏற்கெனவே சத்தம் நிறைந்த ஊரில் இன்னும் சத்தத்தைத் தேடியது ஏன்? நான் இதைப் பல காலம் யோசித்திருக்கிறேன். ஷெல்லுக்குத் தாளம் இல்லை. எப்போது வரும், எங்கே விழும், எப்போது ஓயும் என்று எவருக்கும் தெரியாது. இந்த இசையும் காதை அடைக்கும் சத்தம்தான். ஆனால் எடுப்பு இருந்தது, அடுத்த அடி விழும் இடம் தெரிந்தது, நிறுத்தும் பொத்தான் என் கையில் இருந்தது. அந்த நாட்களில் நானாகத் தெரிவு செய்த ஒரே சத்தம் அது. கீர்த்தனை கேட்டால் மனம் அமைதியாகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அமைதியாக முன்னர் எங்களுக்குக் கோபப்படவும் அழவும் வேண்டியிருந்தது. அடக்கமாகப் பேச வளர்க்கப்பட்ட பெண் பிள்ளைகளுக்கு அதற்கு எங்கே இடம்? எனக்கு அந்தக் கசற்றில் இடம் கிடைத்தது.

1988 இல் மெற்றாலிக்கா குழு வெளியிட்ட 'வன்' என்ற பாட்டு, முதலாம் உலகப் போரில் கை, கால், கண், காது எல்லாம் இழந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் ஒரு போர்வீரனைப் பற்றியது. டால்ரன் ட்றம்போ எழுதி 1939 இல் வெளியான நாவலில் இருந்து பிறந்தது. அதில் ட்றம்ஸ் ஓரிடத்தில் இயந்திரத் துப்பாக்கி போல முழங்கும். மருத்துவபீட மாணவியாக விடுதிக் கடமை முடித்து வந்து அதைக் கேட்டிருக்கிறேன். போரைப் புகழாமல், அதில் உடல் என்ன ஆகிறது என்று மட்டும் சொன்ன பாட்டு அது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதியை வலிகாமத்தவர் எவரும் மறக்கமாட்டோம். மழைக்குள் தென்மராட்சியை நோக்கி அங்குலம் அங்குலமாக நடந்தோம். கசற் பெட்டி வீட்டில் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது இல்லை. 2011 இல், ஒரு மருத்துவ மாநாட்டைச் சாட்டாக வைத்துப் பெங்களூருக்குப் போய், மெற்றாலிக்காவின் நிகழ்ச்சியை நேரில் கேட்டேன். அனுமதிச் சீட்டில் திகதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதுவும் ஒக்ரோபர் 30. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அதே நாளில் மீண்டும் பெருஞ்சனத்துக்குள் நெருங்கி நிற்கிறேன். இந்த முறை எல்லோரும் தாங்களாக விரும்பி வந்தவர்கள், இரவு வீடு திரும்பப் போகிறவர்கள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் துள்ளினார்கள். நான் அழுதேன். என் கணவர் காதில் பஞ்சு வைத்தபடி என் தோளைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"பெண் பிள்ளைக்கு இது பொருந்துமோ?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1978 இல் லண்டனில் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு மெற்றல் குழு அமைத்தார்கள். அதன் பெயரே கேர்ள்ஸ்கூல். அதாவது, மகளிர் பாடசாலை! 1981 இல் அவர்களின் 'ஹிற் அண்ட் றன்' இசைத்தட்டு பிரித்தானியத் தரவரிசையில் ஐந்தாம் இடத்துக்கு வந்தது. "எங்கட ஆக்களுக்கு இது பொருந்துமோ?" என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. சிங்கப்பூரில் 1992 இல் தொடங்கிய ருத்ரா என்ற குழுவில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் வேதாந்தத்தை மெற்றலில் பாடுகிறார்கள். 'பிரம்மவித்யா' என்ற பெயரில் 2005, 2009, 2011 ஆம் ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்டிருக்கிறார்கள். கொழும்பிலும் ஸ்டிக்மாட்டா போன்ற குழுக்கள் உண்டு.

எங்கள் தாபகர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் சைவப் பெண் பிள்ளைகளுக்காக இந்தக் கல்லூரியைத் தொடங்கியவர். அவரே மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்கு உரையும் எழுதினார். தன் வழியை விடாமலே மற்றவருடைய நூலைத் தன் அறிவால் படித்தார். நான் செய்ததும் சிறிய அளவில் அதுதான். மற்றவருடைய இசையை இந்தக் கல்லூரி தந்த காதால் கேட்டேன். தோடியை விட்டுவிட்டு இங்கே வரவில்லை. தோடி தெரிந்ததால் வந்தேன்.

டொக்ரராகவும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் சரியில்லை. காதின் உள்ளே நத்தை ஓடு போன்ற பகுதியில் உள்ள நுண்மயிர்க் கலங்கள் இறந்தால் திரும்ப முளைக்காது. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு வரும்போது பதினைந்து நிமிடந்தான். இது மெற்றலுக்கு மட்டும் உள்ள விதி என்று நினைக்க வேண்டாம். தவிலுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும், கோயில் ஒலிபெருக்கிக்குக் கீழே கடலை விற்பவருக்கும் இதே விதிதான். நிகழ்ச்சிக்குப் போகும் பிள்ளைக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். கேட்டு முடிந்தபின் காதில் இரைச்சல் நின்றால் அது எச்சரிக்கை, அலட்சியம் செய்யாதீர்கள்.

கடைசியாக, ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப் போகும் அக்கா தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இப்படிப்பட்ட பாட்டைக் கேட்டால், "நிற்பாட்டு" என்று வெளியே நின்று சொல்லாமல் கதவைத் தட்டி உள்ளே போங்கள். பக்கத்தில் இருந்து ஒரு பாட்டு முழுவதும் கேளுங்கள். பிடிக்க வேண்டும் என்றில்லை. சட்ஜம் எங்கே, பஞ்சமம் எங்கே என்று தேடுங்கள், கட்டாயம் கிடைக்கும். பிறகு, இதில் உனக்கு என்ன பிடிக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை வேறு எதையோ சொல்லத் தொடங்கக்கூடும். அதையும் கேளுங்கள்.

எனக்குச் சுருதி சேர்க்கக் கற்றுத்தந்த ஆசிரியைகளை வணங்குகிறேன். எங்கள் கல்லூரி இன்னும் பல நூற்றாண்டு வாழ்க.