புக்கிட் கியாரா: பூங்காவுக்கு முன் அது ஒரு தோட்டம்



ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலுக்குப் போய்ப் பாருங்கள். அங்குள்ள ரிம்பா கியாரா பூங்கா 25 ஏக்கர். ஓடுகிறவர்கள், மிதிவண்டிக்காரர்கள், பிள்ளைகளை விளையாட விட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்கள். குன்றுப் பக்கம் ஏறினால் பழைய பால்மரங்களைப் பார்க்கலாம். அவை தானாக முளைத்த காடு அல்ல. நம் ஆட்கள் சீவிய மரங்கள்.

அது புக்கிட் கியாரா தோட்டம். தனியார் நிலம். அரசாங்கம் பொது நோக்கத்துக்கு என்று சொல்லி அதைக் கையகப்படுத்தியது. பிறகு அந்த நிலத்தின் ஒரு பகுதி கோல்ப் திடலாகவும் குதிரையேற்ற மன்றமாகவும் மாறியது. பொது நோக்கம் என்றால் எந்தப் பொதுமக்களின் நோக்கம் என்று கேட்கத் தோன்றுகிறது, இல்லையா?

தோட்டத்து மக்கள்? 1980களின் தொடக்கத்தில் ரூமா பாஞ்சாங் வீடுகளில் 'தற்காலிகமாக' குடியேற்றப்பட்டார்கள். சுமார் 100 குடும்பங்கள். நிரந்தர வீடு வரும் என்றார்கள். அந்தத் தற்காலிகம் 40 ஆண்டுகளைத் தாண்டியது.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு, இழப்பீடு கொடுக்காமல் சொத்தை எடுக்கக் கூடாது என்கிறது. ஆனால் 1960ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் இழப்பீடு கேட்கும் உரிமையை 'அக்கறையுள்ள நபர்' என்பவருக்குத் தருகிறது. அதே வரையறை, உரிமையாளர் விரும்பும் வரை மட்டும் குடியிருப்பவரை வெளியே தள்ளிவிடுகிறது. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் நம்மை அந்தக் கணக்கில்தான் வைத்தார்கள். நிலத்துக்கான பணம் முதலாளிக்கு. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி வேலை நிறுத்தப் பலன் கிடைத்திருந்தாலும் அது வேலை செய்த ஆண்டுகளை வைத்துப் போடும் சம்பளக் கணக்குதான். வீட்டுக்கு அது ஈடாகாது.

2017இல் மாநகர் மன்றம் ஒரு மேம்பாட்டுத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. பூங்காவில் 12 ஏக்கர். 8 ஆடம்பர அடுக்குமாடிக் கட்டடங்கள், அவற்றோடு 350 வீடுகள் கொண்ட 1 மலிவு வீட்டுக் கட்டடம். நம் மக்களுக்கு வீடு கிடைக்க வேண்டுமானால் பூங்காவில் பாதியைத் தாருங்கள் என்பதுதான் பேரம். எதிர்த்தவர்களை ஏழைகளின் விரோதி என்றார்கள். ரூமா பாஞ்சாங் மக்களின் சங்கம் திட்டத்தின் பக்கம் நின்றது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 30 வருடத்துக்கு மேல் காத்திருந்தவனுக்கு முன்னால் ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்தால் அவன் அதில்தான் நுழைவான். அந்த ஒரு கதவை மட்டும் திறந்தவர்களைத்தான் நாம் கேட்க வேண்டும்.

சுற்றுப்புறக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதிசெய்து அனுமதியை ரத்து செய்தது. நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய தீர்ப்பு அது. கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2020 பொதுத் திறந்தவெளி என்று குறித்த இடத்தை மேயர் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. விலகினால் காரணம் சொல்ல வேண்டும். திட்டத்தில் பங்குள்ள அறநிறுவனத்தின் வாரியத்தில் மேயரும் இருந்ததை நீதிமன்றம் நலமுரண்பாடு என்றே பார்த்தது.

பூங்கா தப்பியது. நல்லது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த வழக்கின் கேள்வி அனுமதி செல்லுமா என்பதுதான். தோட்டத்து மக்களுக்கு வாக்களித்த வீடு என்னவாயிற்று என்பது எந்த நீதிமன்றத்தின் முன்னும் நேரடிக் கேள்வியாக நிற்கவில்லை. வாய்வார்த்தையாகக் கொடுத்த உறுதியை 40 ஆண்டு கழித்து நீதிபதி முன்னால் எப்படி நிரூபிப்பது?

ஆகவே உங்கள் தோட்டம் விற்கப்படுகிறது, எடுக்கப்படுகிறது என்று காதில் விழுந்தால் கூட்டம் போட்டுக் கைதட்டிக் கலையாதீர்கள். எங்கே வீடு, எத்தனை அறை, எந்த ஆண்டுக்குள், கோயிலும் பள்ளியும் எங்கே போகும் என்பதை எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடுகிறவரின் பெயரும் பதவியும் அதில் இருக்கட்டும். பழைய சம்பளச் சீட்டு, தண்ணீர் பில், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், எதையும் குப்பையில் போடாதீர்கள். லாரி வந்து சாமான் ஏற்றுவதற்கு முன்னால் அவற்றோடு ஒரு வழக்கறிஞரிடம் வாருங்கள். ஏற்றிய பிறகு வந்தால் எங்களால் செய்ய முடிவது மிகவும் குறைவு.