மிச்சக் குளிசையும் வீட்டுக் கிணறும்
(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல வருடங்களுக்குப் பிறகு சொந்தக் காணிக்கு வந்திருக்கிறீர்கள். கூரை, வேலி, கிணறு என்று வேலை குவிந்து கிடக்கிறது. அதற்கிடையில் ஒரு சின்ன விடயம் பேச வந்திருக்கிறேன். முகாமிலிருந்து நீங்கள் கொண்டுவந்த மருந்துப் பையைப் பற்றியது அது.

அதற்குள் குடித்து மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசைகள் இருக்கலாம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால், "போன முறை இதில்தானே சுகம் வந்தது" என்று எடுத்துக் கொடுக்க மனம் வரும். கொடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் எல்லோருடைய குடலிலும் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. மாட்டின் குடலிலும் கோழியின் குடலிலும் அப்படித்தான். ஈ. கோலை அவற்றில் ஒன்று. பெரும்பாலானவை எங்களுக்குத் தீங்கு செய்வதில்லை. தேவையில்லாமல் அன்ரிபயோட்டிக் குடித்தால் சாதாரணக் கிருமிகள் சாகும். மருந்துக்கு அசையாதவை தப்பிப் பெருகும். அந்தத் தாங்கும் சக்தியை அவை மற்றக் கிருமிகளுக்கும் கொடுக்கும். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், மருந்தைப் போதாத அளவில் எடுத்தால் இப்படி நடக்கும் என்று 1945 இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார்.

அப்படிப்பட்ட கிருமி குடலில் இருப்பது வெளியே தெரியாது. அது சிறுநீர்ப் பாதைக்கோ இரத்தத்துக்கோ போனால்தான், வழக்கமான மருந்து வேலை செய்யவில்லை என்பது தெரியவரும். பிறந்த குழந்தைகளுக்கும் வயது போனவர்களுக்கும் அது உயிராபத்து.

அது ஒரு வீட்டோடு நிற்பதுமில்லை. மலத்தோடும் சாணத்தோடும் வெளியே வந்து, மழைவெள்ளத்தில் கிணற்றுக்குள் இறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்தில், வெடிப்புகள் வழியே அழுக்கு வேகமாக நிலத்தடி நீரைச் சேரும்.

மனம் தளர வேண்டாம். மருந்துக்கு அசையாத இந்தக் கிருமியும் கொதிநீரில் சாகும். சரியான அளவில் குளோரின் போட்டாலும் சாகும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் கையை விட்டுப் போகும்.

ஆகவே, நீண்ட காலம் பாவிக்காத கிணற்றை முதலில் இறைத்துத் துப்புரவாக்குங்கள். குளோரின் இடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுக் குடியுங்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளியிருக்கட்டும். சுண்ணாம்புக்கல் நிலமென்றால் இன்னும் தள்ளி. மாட்டுப் பட்டியையும் எருக் குவியலையும் கிணற்றடியில் வைக்காதீர்கள்.

வயிற்றோட்டம் வந்தால் முதலில் ஜீவனி கொடுங்கள். பக்கற்றில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரையுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பெரும்பாலான வயிற்றோட்டத்துக்கு அன்ரிபயோட்டிக் தேவையில்லை. மலத்தில் இரத்தம் கண்டால், கண் குழிவிழுந்தால், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே வைத்தியர் அன்ரிபயோட்டிக் தந்தால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குக் கொடுங்கள்.

உங்கள் குளிசையை மாட்டுக்கோ கோழிக்கோ அரைத்துக் கொடுக்காதீர்கள். கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். மாட்டுக்கு ஊசி போட்டால், எத்தனை நாள் பால் எடுக்கக்கூடாது என்று அவரிடமே கேளுங்கள்.

ஊர்க் குளத்துத் தண்ணீரை ஒருவர் வீணாக்கினால் எல்லோருடைய வயலும் காயும். இந்த மருந்தும் அப்படித்தான். இன்று வீணாக்கினால், நாளை ஒரு பிள்ளைக்கு உண்மையில் தேவைப்படும்போது அது உதவாது.

இன்றிரவு அந்தப் பையைத் திறந்து பாருங்கள். பிரஷர், சீனி வருத்தக் குளிசைகளை நிறுத்த வேண்டாம். அவை தொடர வேண்டியவை. மிஞ்சிய அன்ரிபயோட்டிக்கைக் கிணற்றிலோ குளத்திலோ மலசலகூடத்திலோ எறியாமல், அடுத்த முறை வைத்தியசாலைக்குப் போகும்போது கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.