வேளாண்மைத் துறையில் யார் யார்? நம்ம மனு எந்த மேசைக்குப் போகணும்?

(வட்டாரக் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு கூட்டத்திலும் சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன் என்று பேசுகிறோம். இன்றைக்கு அதை எல்லாம் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, வேளாண்மைத் துறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அந்தத் துறையை நடத்துகிறவர்கள் யார், மேலே இருப்பவர் என்ன முடிவு செய்கிறார், நம்ம ஊருக்கு வருகிறவர் என்ன செய்ய முடியும் என்று தெரிந்துகொள்வோம். "அதெல்லாம் நமக்கு எதுக்குங்க, ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க" என்று பின்னால் ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. அந்த அக்காவுக்காகவே முதலில் ஒரு கதை சொல்கிறோம். கதை என்றால் கட்டுக்கதை இல்லை, எங்கள் அனுபவம்.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு குழுவில் 12 பேர் சேர்ந்து கத்தரியும் தக்காளியும் போட முடிவு செய்தார்கள். கிணற்றில் தண்ணீர் குறைவு, அதனால் சொட்டுநீர் வேண்டும். நாங்கள்தான் மனு எழுதிக் கொடுத்தோம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு எல்லோரும் கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போனோம். மனுவின் மேலே "வேளாண்மைத் துறை" என்று எழுதியிருந்தோம். மனு அந்த ஆபீசுக்குப் போனது. அங்கே சில வாரம் கிடந்தது. நாங்கள் நேரில் போய்க் கேட்டபோது, "காய்கறி எங்க துறை இல்லைம்மா, தோட்டக்கலைக்குப் போங்க" என்றார்கள். தோட்டக்கலைக்குப் போனோம். "இந்த வருஷத்து இலக்கு முடிஞ்சுபோச்சு, அடுத்த வருஷம் வாங்க" என்றார்கள். அந்தக் கோடையில் 12 பேரில் 7 பேருடைய செடி காய்ந்து போனது. குழுவில் வாங்கிய உள்கடனை அவர்கள் கூலிக்குப் போய்த்தான் கட்டினார்கள்.

இதில் அதிகாரிகள் மேல் மட்டும் பழி போட முடியாது. யாரிடம் போக வேண்டும் என்பது படித்த எங்களுக்கே தெரியவில்லை. அந்தத் தப்பு எங்கள் மேல்தான். அதனால்தான் இந்தப் பேச்சு.

நம்ம கூட்டமைப்பு மாதிரிதான்

நம்ம அமைப்பை நினைத்துப் பாருங்கள். குழுவில் ஊக்குநர், பிரதிநிதிகள். அதற்கு மேல் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. அதற்கு மேல் வட்டாரம். கடன் பாக்கி எவ்வளவு என்று கணக்காளரிடம் கேட்கலாம். ஆனால் யாருக்குக் கடன் என்பதை அவர் முடிவு செய்ய முடியாது, அது கூட்டத் தீர்மானம். அரசுத் துறையும் அப்படித்தான். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு அதிகாரம், ஒரு எல்லை.

மேலிருந்து வருவோம். சென்னையில் தலைமைச் செயலகத்தில் வேளாண்மை அமைச்சர். அவருடன் வேளாண்மை உற்பத்தி ஆணையர் மற்றும் அரசுச் செயலாளர். இவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. என்ன திட்டம், எவ்வளவு பணம், யாருக்கு எத்தனை சதவீத மானியம் என்பது இந்த இடத்தில் முடிவாகி அரசாணையாக வெளிவரும். 2021-ல் இந்தத் துறையின் பெயர் வேளாண்மை - உழவர் நலத்துறை என்று மாறியது. அதே வருடம் ஆகஸ்ட் 14-ம் தேதி தமிழ்நாட்டில் முதல் முறையாக விவசாயத்துக்குத் தனி நிதிநிலை அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

அடுத்து, சேப்பாக்கத்தில் வேளாண்மை இயக்குநர் அலுவலகம். அரசாணையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு விதை, எவ்வளவு இலக்கு என்று பிரித்துக் கொடுப்பது இங்கே.

மாவட்டத்தில் வேளாண்மை இணை இயக்குநர். "ஜே.டி." என்பார்களே, அவர்தான். அவருக்குக் கீழே துணை இயக்குநர்கள். கலெக்டர் ஆபீசிலேயே இன்னொருவர் இருக்கிறார், கலெக்டரின் நேர்முக உதவியாளர், வேளாண்மை. "பி.ஏ. அக்ரி" என்று கேட்டால் காட்டுவார்கள். விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்து வேலைகளைப் பார்ப்பவர் இவர். இவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்கே ரொம்ப நாள் தெரியாது.

வட்டாரத்தில் வேளாண்மை உதவி இயக்குநர். நமக்கு மிக முக்கியமான நாற்காலி இதுதான். நம்ம வட்டாரத்துக்கு வந்த இலக்கில் யார் யார் பயனாளி என்ற பட்டியல் இந்த அலுவலகத்தில்தான் தயாராகிறது. அவருடன் வேளாண்மை அலுவலர், துணை வேளாண்மை அலுவலர். கடைசியில் நம்ம ஊருக்கு வருகிற உதவி வேளாண்மை அலுவலர்.

ஊருக்கு வருகிற அலுவலரிடம் "மானியத்தைக் கூட்டிக் கொடுங்க சார்" என்று சண்டை போட்டுப் பயனில்லை. அது அவர் கையில் இல்லை. ஆனால் "பயனாளிப் பட்டியலில் எங்க பேரை ஏன் சேர்க்கலை?" என்று கேட்கலாம். அது அவரும் உதவி இயக்குநரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

ஒரே துறை இல்லை, அக்கா தங்கை மாதிரி பல துறை

நாம் ஏமாந்த இடம் இதுதான். "அக்ரி ஆபீஸ்" என்று ஒன்றாகச் சொல்கிறோம். உள்ளே பல துறைகள், ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமை.

நெல், சிறுதானியம், பயறு, நிலக்கடலை, பருத்தி, தென்னை - இதெல்லாம் வேளாண்மைத் துறை.

காய்கறி, பழம், பூ, மஞ்சள், மிளகாய், வாழை - தோட்டக்கலைத் துறை. மாவட்டத்தில் துணை இயக்குநர், வட்டாரத்தில் தோட்டக்கலை உதவி இயக்குநர். இந்தப் பயிர்களுக்குச் சொட்டுநீர் கேட்பதும் இங்கேதான்.

டிராக்டர், பவர் டில்லர் வாடகை, பண்ணைக் குட்டை, இயந்திர மானியம் - வேளாண்மைப் பொறியியல் துறை. தலைமை சென்னை நந்தனத்தில். உட்கோட்டத்தில் உதவி செயற்பொறியாளர்.

விளைந்ததை விற்க ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், உழவர் சந்தை - வேளாண் விற்பனைத் துறை. இதன் தலைமை கிண்டியில்.

விதை முளைக்கவில்லையா? விதைச்சான்றுத் துறை. தலைமை கோயம்புத்தூரில். மாவட்டத்தில் விதை ஆய்வாளர் உண்டு. ஆனால் பில் இல்லாமல், பையில் கட்டியிருந்த அட்டை இல்லாமல் போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "விதை வாங்கினதும் பையைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்" என்று சொல்லாதீர்கள். அறுவடை முடியும் வரை பில்லும் அட்டையும் உங்கள் குழு நோட்டில் இருக்கட்டும்.

உரக்கடையில் மூட்டையில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்கினால் இணை இயக்குநர் அலுவலகத்தில் தரக்கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் இருக்கிறார். பில்லோடு அவரிடம் போகலாம்.

மேலே முடிவு மாறினால் கீழே என்ன நடக்கும்?

தலைமை என்று சொன்னால் நமக்குக் கார், டவாலி, கண்ணாடிக் கதவுதான் ஞாபகம் வருகிறது. அங்கே ஒரு முடிவு எடுத்தால் நம்ம வாழ்க்கை எப்படி மாறும் என்பதற்கு உதாரணம் சொல்கிறோம். நம்ம அம்மாக்களுக்கு ஞாபகம் இருக்கும், "தான்வா" பயிற்சி. 1986-ல் டென்மார்க் நாட்டு உதவியோடு தமிழ்நாடு வேளாண்மைத் துறை தொடங்கிய பெண்கள் திட்டம் அது. அதுவரை வேளாண் பயிற்சி என்றால் பெரும்பாலும் ஆண்களைக் கூப்பிடுவார்கள். விதை பொறுக்குவது, நாற்று நடுவது, களை எடுப்பது எல்லாம் பெண்கள். பயிற்சி மட்டும் ஆண்களுக்கு! இந்தத் திட்டத்தில் பெண் வேளாண்மை அலுவலர்கள் ஊருக்கே வந்து பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு, அந்தத் தண்ணீரில் நெல்லைப் போட்டு, மிதக்கும் சொத்தையை நீக்கிவிட்டு, மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் அலசி விதைப்பது நம்மில் பலருக்குத் தெரியும். பணம் செலவில்லாத அந்த மாதிரி எளிய தொழில்நுட்பங்கள்தான் அந்தப் பயிற்சி. கற்றவர் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. 2003 வாக்கில் அந்தத் திட்டம் முடிந்தது. பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கப் பெண் அலுவலர் வரட்டும் என்று மேலே எடுத்த ஒரு முடிவு நம்ம வரப்பு வரைக்கும் வந்தது.

இப்போதும் விதிகளில் நமக்கு இடம் இருக்கிறது. "ஆத்மா" என்ற வேளாண் விரிவாக்கத் திட்டத்தில் நிகழ்ச்சிகளுக்கான நிதியில் குறைந்தது 30 சதவீதம் பெண் விவசாயிகளுக்கும் பெண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் செலவிட வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். அதே திட்டத்தில் வட்டார அளவில் விவசாயிகள் ஆலோசனைக் குழு உண்டு. அதில் பெண்களும் உறுப்பினராகலாம். இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண் விவசாயிக்குப் பொதுவாக மற்றவரைவிடக் கூடுதல் மானியம். விதி புத்தகத்தில் இருக்கிறது. கேட்க ஆள் வேண்டும்.

"விவசாயி யாரும்மா?"

இப்போது வலிக்கிற விஷயத்துக்கு வருகிறோம். நம்ம குழுவில் ஒரு சகோதரி. கணவர் இறந்து ஐந்து வருடம். ஒரு ஏக்கர் நெல்லை அவரே பயிர் செய்கிறார். ஏர் ஓட்டக் கூலி பேசுவது, மருந்து வாங்குவது, ராத்திரி தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் அவர்தான். ஒரு வருடம் அறுவடை நேரத்தில் மழை. வயலே குளமாகிவிட்டது. கணக்கெடுக்க வந்தவர் கேட்டார், "விவசாயி யாரும்மா?" இவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அவர் இறந்துட்டாருங்க" என்றார்.

சகோதரிகளே, அன்றைக்கு நாங்கள் பக்கத்தில் நின்றோம். எங்களுக்குப் பேச்சு வரவில்லை. பட்டா மாமனார் பெயரில். பயிர்க் காப்பீடும் செய்யவில்லை. "பட்டா இல்லாம செய்ய முடியாதுன்னு சொன்னாங்க" என்று விட்டுவிட்டார். 2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கூடச் சேரலாம். சாகுபடி செய்கிறவர் என்பதற்கு கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் போன்றவற்றோடு போக வேண்டும். இதை அந்தச் சகோதரியிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு பண்ணைக் கைப்பற்றுகளில் சுமார் 14-தான் பெண் பெயரில் இருக்கின்றன. வயலில் நின்று பார்த்தால் அப்படியா இருக்கிறது? சேப்பாக்கத்தில் இருப்பவர் வயலைப் பார்த்து இலக்கு போடுவதில்லை, பட்டியலைப் பார்த்துத்தான் போடுகிறார். பட்டியலில் நம்ம பெயர் இல்லையென்றால் அவர் கண்ணுக்கு நாம் இல்லை. சட்டம் நமக்குத் துணை இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. கணவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாறுதலுக்கு மனு கொடுங்கள். அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இனி நாம் செய்ய வேண்டியது

ஒன்று. மனுவை வாயால் சொல்லாதீர்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும். யாருக்கு என்று பதவியைச் சரியாக எழுதுங்கள். இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு. நேரம் பார்த்துப் போங்கள். ஏப்ரலில் நிதி ஆண்டு தொடங்குகிறது. அதன் பிறகுதான் வட்டாரத்துக்கு இலக்கு வரும். சித்திரை, வைகாசியிலேயே சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் தயாராக இருக்கட்டும். தை மாதத்தில் ஓடினால் எங்கள் சொட்டுநீர் கதைதான்.

மூன்று. மாதம் ஒரு முறை கலெக்டர் தலைமையில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. இணை இயக்குநர், தோட்டக்கலை, பொறியியல், கூட்டுறவு, வங்கி என்று பலரும் ஒரே அறையில் இருப்பார்கள். நாங்கள் போனபோது நாற்காலி முழுக்க ஆண்கள். பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாரும் நம்மைத் தடுக்கவில்லை, நாம்தான் போகவில்லை.

நான்கு. பதில் வரவில்லையென்றால் 2005-ம் வருட தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "எங்கள் வட்டாரத்தில் இந்த ஆண்டு பயனாளிகளில் பெண்கள் எத்தனை பேர்?" இந்த ஒரு கேள்வி போதும்.

ஐந்து. பயிரில் பூச்சியா, நோயா? அதற்கு ஆபீசுக்கு அலைய வேண்டாம். கிசான் கால் சென்டர் 1800-180-1551, இலவச அழைப்பு, தமிழில் பேசலாம்.

அதிகாரிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு அலுவலருக்குப் பல ஊர், அதற்கு மேல் எழுத்து வேலை. நாம் சரியான மேசைக்குச் சரியான காகிதத்தோடு போனால் அவர்களுக்கும் வேலை சுலபம்.

கடைசியாக ஒன்று. அந்தச் சகோதரி இப்போது பட்டா மாறுதல் வாங்கிவிட்டார். போன பருவத்தில் காப்பீடும் செய்தார். படிவத்தில் "விவசாயியின் பெயர்" என்ற இடத்தில் தன் பெயரைத் தானே எழுதினார். எழுதிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊக்குநரும் இரண்டு பட்டியல் கொண்டு வாருங்கள். உங்கள் ஊருக்குப் பொறுப்பான உதவி அலுவலர், வட்டார உதவி இயக்குநர்கள் யார் என்பது ஒன்று. உங்கள் குழுவில் பயிர் செய்யும் பெண்களில் யார் யாருக்குப் பட்டா தன் பெயரில் இல்லை என்பது இரண்டாவது. இரண்டையும் வைத்துக்கொண்டு, வருகிற குறைதீர்க்கும் நாளுக்குச் சேர்ந்தே போவோம். பஸ் எத்தனை மணிக்கு என்று நாங்கள் சொல்கிறோம்.