தென்னாப்பிரிக்க ஐக்கியம் யாருடைய ஐக்கியம்?



எனக்கு முன்னர்ப் பேசிய நண்பர், தனித்தனியே கிடந்த பிரிட்டிஷ் காலனிகள் ஒன்றுகூடி ஒரே தேசமாக எழுந்ததற்குத் தென்னாப்பிரிக்காவைப் போன்ற உதாரணம் வேறில்லை என்றார். ஏறத்தாழ மூன்று வருஷம் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்திய ஆங்கிலேயரும், டச்சு வம்சாவளியினரான போயர்களும், 1902 மே 31ஆம் தேதி சமாதானப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, சரியாக எட்டு ஆண்டுகள் கழித்து அதே மே 31ஆம் தேதி ஒரே ராஜ்யத்தின் பிரஜைகளானார்கள் என்பதை அவர் விவரித்தபோது, இந்த மண்டபத்தில் கரகோஷம் எழுந்தது. நண்பர்பால் எனக்குள்ள மதிப்பு சிறிதும் குறைவுடையதன்று. எனினும் அந்தக் கரகோஷத்தில் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கேப், நேட்டால், டிரான்ஸ்வால், ஆரஞ்சு நதி என்ற அந்த நான்கு காலனிகளையும் சேர்த்துவைத்தது சகோதர வாஞ்சை என்று எண்ணிவிடாதீர்கள். சுங்க வரியும் ரயில் கட்டணமுமே அவர்களை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்தன. தங்கம் விளைந்தது டிரான்ஸ்வாலில். அதற்கோ கடற்கரை கிடையாது. தங்கள் துறைமுகங்களின் வழியாகவும் ரயில்களின் வழியாகவும் அதன் சரக்குகள் போகவேண்டுமென்று கேப்பும் நேட்டாலும் போட்டியிட, போர்ச்சுகீசியருடைய லோரன்சோ மார்க்கஸ் துறைமுகமோ இரண்டையும்விடச் சமீபத்தில் இருந்தது. ஒரே கொடியின் கீழிருந்த காலனிகள் கட்டண யுத்தத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும் என்ற அச்சம் பிறந்தது. அதனினும் பெரிய அச்சம் ஒன்றும் இருந்தது. 1906ஆம் ஆண்டில் நேட்டாலில் தலைவரியை எதிர்த்துப் பம்பாத்தா என்ற தலைவரின் கீழ் ஜூலு மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, வெள்ளையர் தாங்கள் எத்துணைச் சிறு தொகையினர் என்பதை உணர்ந்தார்கள். நாடு முழுவதிலுமுள்ள சுமார் 60 லட்சம் ஜனங்களில் அவர்கள் 13 லட்சம் பேர்தாம்.

அந்த 13 லட்சத்தின் பிரதிநிதிகள் மாத்திரமே 1908 அக்டோபரில் டர்பன் நகரில் தேசிய மகாநாடு என்ற பெயரில் கூடினார்கள். கேப் காலனியின் பிரதம நீதிபதி டிவில்லியர்ஸ் தலைமை வகித்தார். கதவுகளைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். தலைநகர் எது என்பதில் பிணக்குண்டாகி, நிர்வாகத்துக்குப் பிரிட்டோரியா, சட்டசபைக்குக் கேப்டவுன், மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் புளூம்பாண்டைன் என்று பகிர்ந்துகொண்டார்கள். வெள்ளையருக்குள் எழுந்த எந்த வழக்குக்கும் இப்படி ஒரு சமரசம் கிடைத்தது. வாக்குரிமை என்ற வழக்கில் என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

சமாதானப் பத்திரத்திலேயே விதை ஊன்றியாகிவிட்டது. தோற்றுப்போன போயர்களுக்குச் சுயாட்சி வழங்கிய பின்னரே ஆப்பிரிக்க மக்களின் வாக்குரிமையைப் பற்றி யோசிப்பது என்று ஆங்கிலேயர் அதில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதாவது, கொடுக்கமாட்டேன் என்பவன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பிறகு கதவைத் திறப்பதைப்பற்றிப் பேசலாம் என்றார்கள். கேப் காலனியில் மட்டும், குறிப்பிட்ட அளவு சொத்தோ ஊதியமோ உள்ள எந்த நிறத்தவனும் வாக்களிக்கும் வழக்கம் அரை நூற்றாண்டாக இருந்துவந்தது. மகாநாடு அதைக் கேப்பில் மட்டும் நிறுத்தி, மற்ற மாகாணங்களுக்கு நீட்ட மறுத்தது. ஐரோப்பிய வம்சத்தவரல்லாத எவரும் பார்லிமெண்டில் அமரக்கூடாது என்றும் விதித்தது. கேப்பின் உரிமையைப் பறிக்க இரு சபைகளும் கூடிய கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று ஒரு பூட்டுப் போட்டார்களே, அது பாதுகாப்பல்லவா என்று கேட்பீர்கள். 1936ஆம் ஆண்டில் அந்த மூன்றில் இரண்டு பங்கு தாராளமாகக் கிடைத்தது. கேப்பின் ஆப்பிரிக்க வாக்காளர்கள் பொதுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

அந்தக் காலத்துக்கு அவ்வளவுதான் தெரியும் என்று சமாதானம் சொல்லுகிறவர்கள் உண்டு. தெரியாமல் நடந்த காரியமன்று, தோழர்களே! 1909 மார்ச் மாதத்தில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் தாமே புளூம்பாண்டைனில் ஒரு மகாநாடு கூட்டி, நிறத்தடையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். கேப்பின் முன்னாள் பிரதம மந்திரியும் வெள்ளையருமான ஷ்ரைனர், ஆப்பிரிக்கத் தலைவர்களான ஜபாவு, ருபுசானா, கலப்பினத்தவரின் தலைவரான டாக்டர் அப்துர் ரஹ்மான் முதலியோருடன் ஐக்கிய மசோதாவைச் சட்டமாக்கவிருந்த லண்டனுக்கே சென்று மன்றாடினார். டிரான்ஸ்வால் இந்தியர்களின் குறையைச் சொல்லக் காந்தியடிகளும் ஹாஜி ஹபீபும் அதே சமயத்தில் அந்நகரில் இருந்தார்கள். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் தொழிற்கட்சியின் கேர் ஹார்டி போன்றோர் எதிர்த்துப் பேசினார்கள். நிறத்தடை வருந்தத்தக்கது என்று மந்திரிகளும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அதில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் மசோதாவை நிறைவேற்றினார்கள். தெரிந்தே செய்த அநீதிக்கு இதைவிடச் சாட்சியம் என்ன வேண்டும்?

இனி, நம்மவர் கதைக்கு வருகிறேன். 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போன தமிழ்க் கூலிகள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களைச் செழிக்கச் செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்கியவர்கள்மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விழுந்தது. நான்கு காலனிகளும் ஒன்றான பிறகு எல்லைகள் அழிந்திருக்கவேண்டுமல்லவா? நிலக்கரிக்கும் தங்கத்துக்கும் அழிந்தன, இந்தியனுக்கு அழியவில்லை. நேட்டால் இந்தியன் அனுமதியில்லாமல் டிரான்ஸ்வாலுக்குள் காலடி வைத்தால் அது குற்றமாகவே நீடித்தது. ஆகவேதான் 1913 நவம்பரில், ஐக்கியம் பிறந்து மூன்றாண்டு கடந்த பின்னும், நியூகாசில் சுரங்கத் தொழிலாளர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர், கைக்குழந்தைகளை ஏந்திய பெண்கள் உட்பட, காந்தியடிகளின் பின்னே நடந்து வோல்க்ஸ்ரஸ்ட் எல்லையைக் கடந்து சிறை புகுந்தார்கள். அத்தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பியவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அந்தப் போராட்டத்தில் கடுங்காவல் அனுபவித்து, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி பதினாறு வயதில் உயிர்நீத்தவள் தில்லையாடிக் குடும்பத்துப் பெண் வள்ளியம்மை. ஒரே தேசத்தின் ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்கு நடந்துபோவதற்குச் சிறைக்கதவு வழியாகத்தான் போகவேண்டும் என்றால், அதைத் தேசம் என்று எந்த நாவால் சொல்வது?

அதே 1913ஆம் ஆண்டில்தான் நிலச்சட்டமும் வந்தது. நாட்டின் பூமியில் ஏறத்தாழ 7 சதவீதத்தை மட்டும் ஆப்பிரிக்கருக்கென்று ஒதுக்கி, எஞ்சிய பெரும்பரப்பில் நிலம் வாங்கவொட்டாமல் அது தடுத்தது. பரம்பரையாக உழுத வயலை விட்டு ஆடுமாடுகளோடு சாலையில் அலைந்த குடும்பங்களுக்கு, போத்தா பிரதம மந்திரியாக இருந்து ஆங்கிலேயரையும் போயர்களையும் இணைத்த சாமர்த்தியத்தை யார் போய் எடுத்துச் சொல்வது?

1910 மே 31ஆம் தேதி நான்கு அரசாங்கங்கள் ஒன்றாயின. அதை நான் மறுக்கவில்லை. தேசம் அன்று பிறக்கவில்லை. எல்லா நிறத்தவரும் வரிசையில் நின்று வாக்களித்த 1994 ஏப்ரல் 27ஆம் தேதியே அது பிறந்த நாள் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். இந்த அவையில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள்; சரித்திர வகுப்பில் போத்தாவின் பெயரைச் சொல்லும் அதே மூச்சில் ருபுசானாவின் பெயரையும் வள்ளியம்மையின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.