நேற்று ஏன் வரவில்லை?



ஓய்வு என்றதும் பெரும்பாலோர் பேசுவது பணத்தைப் பற்றித்தான். மத்திய சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது? மாதம் எவ்வளவு கிடைக்கும்? மருத்துவக் காப்புறுதி போதுமா? எல்லாம் தேவையான கேள்விகளே. ஆனால் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. வேலையை விட்ட மறுநாளிலிருந்து அந்த மனிதர் யாருடன் பேசப் போகிறார்?

சிங்கப்பூரில் சட்டப்படியான ஓய்வு வயது 1999இல் 62 ஆனது. 2022 ஜூலையில் 63 ஆனது. 2026 ஜூலை முதல் தேதியிலிருந்து 64 என்று வகுக்கப்பட்டது. மறுவேலை நியமனத்தின்வழி அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் உழைக்கலாம். ஆனாலும் ஒருநாள் வேலை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். 65 வயதை எட்டிய ஆடவர் இங்கே ஏறத்தாழ இன்னும் 20 ஆண்டுகள் வாழ்கிறார். ஒரு குழந்தை பிறந்து, பள்ளி முடித்து, தேசிய சேவைக்கும் போய்வரும் காலம் அது. அவ்வளவு நீண்ட காலத்தைப் பேச்சுத்துணை இல்லாமல் கடக்க முடியுமா?

வேலையோடு போகும் நட்பு

கப்பல் பட்டறையிலோ துறைமுகத்திலோ 35 ஆண்டுகள் உழைத்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நண்பர்கள் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரே பேருந்தில் வந்தவர், ஒரே மேசையில் சாப்பிட்டவர், இரவு வேலையில் தேநீர் வாங்கி வந்து கொடுத்தவர் என்று பலர் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் ஒருநாளும் “சந்திப்போம்” என்று பேசிவைத்துச் சந்தித்ததில்லை. வேலைதான் அவர்களைச் சந்திக்க வைத்தது. வேலை நின்றதும் சந்திப்பும் நின்றுபோகிறது. யாருக்கும் யார்மீதும் கோபமில்லை. கைப்பேசியில் எண் இருக்கிறது. அழைப்பதற்குத்தான் காரணம் இல்லை.

பெண்களின் நிலை பெரும்பாலும் வேறு. வேலைக்குப் போன பெண்களும்கூட அக்கா தங்கை, அண்டை வீடு, கோயில், சந்தை என்று பல இடங்களில் உறவை வளர்த்து வைத்திருப்பார்கள். ஆணோ தன் நட்பு முழுவதையும் ஒரே இடத்தில் போட்டு வைத்திருப்பார். அந்த இடத்தின் கதவு சாத்தப்படும்போதுதான் கையில் ஒன்றுமில்லை என்பது தெரியும்.

அதன் பாரம் வீட்டில் வந்து விழுகிறது. மனைவி சந்தைக்குப் போனால் “எப்போது வருவாய்?”, தொலைபேசியில் பேசினால் “யார் அது?” என்று நாள் முழுவதும் கேள்விகள். ஜப்பானியர்கள் இத்தகைய கணவரை ‘ஈரமான உதிர்ந்த இலை’ என்று கேலியாகச் சொல்வார்கள். துடைப்பத்தால் தள்ளினாலும் ஒட்டிக்கொண்டு போகாதாம்! கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் போக்கிடம் இல்லாத ஒரு மனிதரின் சோகம்தான் அந்தக் கேலிக்குள் இருக்கிறது.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1938இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான ஆண்களின் வாழ்க்கையை இளமைமுதல் முதுமைவரை அது தொடர்ந்து கவனித்தது. ஓய்வுக்காலத்தில் மகிழ்ச்சியாக இருந்தவர்கள் யார் என்று பார்த்தபோது ஒரு செய்தி தெளிவானது. வேலையிடத் தோழர்களின் இடத்தில் புதிய தோழர்களைத் தாங்களே முயன்று தேடிக்கொண்டவர்கள்தாம் மகிழ்ச்சியாக இருந்தார்கள். ‘தாங்களே முயன்று’ என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பியில் பிறந்த மன்றம்

அப்படி முயன்றவர்களின் கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் லண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டி என்று ஓர் ஊர். அங்கே வாழ்ந்த பலர் தினமும் ரயிலேறி லண்டனுக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள். ஓய்வுபெற்ற பிறகுதான் அவர்களுக்கு ஒன்று உறைத்தது. வீடு இந்த ஊரில். ஆனால் இந்த ஊரில் தெரிந்தவர்கள் அதிகமில்லை! ஃபிரெட் கார்னில் என்பவரும் நண்பர்கள் சிலரும் காலைக் காப்பிக்குக் கூடத் தொடங்கினார்கள். 1965இல் அது ஒரு மன்றமாக உருவெடுத்தது. அடுத்த ஆண்டில் கேட்டர்ஹாம் என்ற ஊரிலும் அதேபோல ஒரு மன்றம் அமைந்தது. புரொஃபெஷனல், பிசினஸ் என்னும் இரு சொற்களின் தொடக்கத்தைச் சேர்த்து ‘புரோபஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 1974இல் நியூசிலாந்துக்கும் 1976இல் ஆஸ்திரேலியாவுக்கும் அது பரவியது.

இந்த மன்றத்தில் என்ன நடக்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை கூட்டம், தேநீர், ஒரு பேச்சாளர். இடையிடையே நடைப்பயணம், சுற்றுலா, விளையாட்டு. நிதி திரட்டுவது அதன் வேலையன்று. தோழமை ஒன்றே நோக்கம்.

இன்னொரு செய்தி நம் சங்கங்களுக்கும் பயன்படும். அங்கே தலைவர் பதவி ஓராண்டுக்குத்தான். அடுத்த ஆண்டு வேறொருவர். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மறுப்பதும், அதனால் சங்கம் இரண்டாக உடைவதும் எவ்வளவு பழைய கதை என்பது அரங்கத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும். பதவியைச் சுற்றவிட்டால் தோழமை நிலைக்கும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1958லேயே ஓய்வுபெற்ற ஆண்களுக்காக ஓர் அமைப்பு தொடங்கியது. ‘சன்ஸ் இன் ரிட்டயர்மென்ட்’ என்பது அதன் பெயர். மாதம் ஒரு மதிய விருந்து; மற்ற நாட்களில் கோல்ஃப், சீட்டாட்டம், நடை. அதன் கிளைகளில் ஒரு வழக்கம் உண்டு. விருந்துக்கு வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தொடர்ந்து வராதிருந்தால் உறுப்பினர் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடலாம்.

வேடிக்கைக்காகச் சேரும் இடத்தில் இவ்வளவு கண்டிப்பு ஏன்? வேலையிடத்தில் ஒருவர் வரவில்லை என்றால் பத்து மணிக்குள் யாராவது கேட்டிருப்பார்கள். ஓய்வுபெற்றவர் நான்கு நாள் வெளியே தலைகாட்டாவிட்டால் யார் கேட்கிறார்கள்? அடுக்குமாடி வீட்டில் தனியே இறந்த முதியவரைச் சில நாட்கள் கழித்தே கண்டுபிடித்தார்கள் என்ற செய்தியை இந்த ஊரிலும் படித்திருக்கிறோம். வருகையைக் குறிப்பது கண்டிப்புக்காக அன்று. “உங்கள் இடம் காலியாக இருந்தது, கவனித்தோம்” என்று சொல்வதற்காக.

தோளோடு தோள்

ஆனால் எல்லா ஆண்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறவர்கள் அல்லர். “வாருங்கள், பேசலாம்” என்று அழைத்தால் பலர் வரமாட்டார்கள். “இந்த நாற்காலியின் கால் ஆடுகிறது, கொஞ்சம் பாருங்களேன்” என்றால் வந்துவிடுவார்கள். இந்த மனநிலையைப் புரிந்துகொண்டதுதான் ஆஸ்திரேலியாவின் ‘மென்ஸ் ஷெட்’, அதாவது ஆண்களின் பட்டறை.

ஆஸ்திரேலியரின் வீட்டுப் பின்புறத்தில் ஒரு கொட்டகை இருக்கும். அதில்தான் ஆண்கள் பழுது பார்ப்பார்கள், எதையாவது செய்துகொண்டிருப்பார்கள். தனித்தனியே இருக்கும் கொட்டகையைப் பொதுவில் ஒன்றாக அமைத்தால் என்ன? தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வா என்ற ஊரில் 1993இல் அப்படி ஒன்று உருவானது. 1998இல் விக்டோரியா மாநிலத்தின் டொங்காலாவில் ‘மென்ஸ் ஷெட்’ என்ற பெயரோடு ஒன்று திறக்கப்பட்டது. 2007இல் தேசிய அளவில் சங்கம் அமைந்தது. இன்று ஆஸ்திரேலியாவில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமான பட்டறைகள் இருக்கின்றன. அயர்லாந்து, பிரிட்டன், நியூசிலாந்து என்று பல நாடுகளுக்கும் இந்த வழக்கம் பரவிவிட்டது.

உள்ளே போனால் ஒரு மூலையில் குழந்தைகளுக்கான மரப்பொம்மைகள் செய்துகொண்டிருப்பார்கள். இன்னொரு மூலையில் பழைய சைக்கிளைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்கு வார்னிஷ் அடிப்பார் ஒருவர். வங்கி மேலாளராக இருந்தவருக்குத் தச்சராக இருந்தவர் இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுப்பார். முன்பு என்ன பதவி என்பது அங்கே செல்லாது. இப்போது கை என்ன செய்கிறது என்பதுதான் பேச்சு. தேநீர் நேரம் வந்தால் இயந்திரங்கள் நின்றுவிடும். அந்தத் தேநீர் மேசைக்காகவே வருகிறவர்களும் உண்டு. கருவியைத் தொடாவிட்டாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஆண்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்றால் பேசுவார்கள் என்று அந்தப் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். ஒருவர் பலகையைப் பிடிக்க, மற்றவர் துளையிடுகிறார். இருவர் கண்ணும் மரத்தின்மேல். அப்போதுதான் “டாக்டர் ஒரு சோதனைக்கு வரச் சொன்னார், போகவில்லை” என்ற பேச்சு வாயிலிருந்து வரும். “போன மாதத்திலிருந்து தூக்கமில்லை” என்பதும் அப்படித்தான் வரும். மனைவி பலமுறை கேட்டும் சொல்லாததைத் தோழரிடம் ஒரு ஆணி அடிக்கிற நேரத்தில் சொல்லிவிடுகிறார். இதன் பயனை அறிந்த ஆஸ்திரேலிய அரசாங்கம் 2010இல் வெளியிட்ட ஆடவர் நலக் கொள்கையில் இந்தப் பட்டறைகளுக்கு ஆதரவு தந்தது. ரத்த அழுத்தம் பார்ப்பதுபோன்ற எளிய சோதனைகளைப் பட்டறைக்கே கொண்டுசெல்லும் திட்டமும் நடக்கிறது.

சில பட்டறைகளில் சமையலும் கற்றுக்கொடுக்கிறார்கள். இது நம்மவர்களுக்கு மிகவும் தேவையான பாடம். சோறு வடிக்கத் தெரியாமலேயே 70 வயதைத் தொட்டுவிட்ட தந்தைமார் எத்தனை பேர்! மனைவி முந்திக்கொண்டு போய்விட்டால், துக்கத்தோடு பசியும் சேர்ந்து வருகிறது. மூன்று வேளையும் பொட்டலச் சாப்பாடு, அதற்குமேல் நீரிழிவு. அந்த வயதில் ரசம் வைக்கக் கற்றுக்கொடுக்க நாலு தோழர்கள் இருந்தால், அது பொழுதுபோக்கன்று, உயிர்த்துணை.

இங்கே ஏன் இல்லை?

“எங்களுக்குத்தான் காப்பிக்கடை இருக்கிறதே, கோயில் இருக்கிறதே, தனியாக மன்றம் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. காப்பிக்கடையில் பேச்சு இருக்கிறது. ஆனால் வராதவரைத் தேடிப் போகும் பொறுப்பு அங்கே எவருக்கும் இல்லை. அதோடு காப்பி மேசை சிலருக்குப் பியர் மேசையாக மாறிவிடுவதும் உண்டு. கோயிலில் தொண்டு இருக்கிறது, நல்ல காரியம். ஆனால் திருவிழா முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது.

“மூத்தோருக்கான நிலையங்கள் புளோக்கிற்குப் புளோக் இருக்கின்றனவே?” என்றும் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவற்றுக்கு ஆண்களைவிடப் பெண்களே அதிகம் வருகிறார்கள் என்று அங்கே பணிபுரிவோர் சொல்லி வருகிறார்கள். நடனம், பாட்டு, கைவினை என்று அட்டவணையைப் பார்த்ததும் “இது நமக்கில்லை” என்று திரும்பிவிடும் ஆண்கள் பலர். தவறு நிலையத்துடையதும் அன்று, அவருடையதும் அன்று. உள்ளே நுழைய அவருக்கு ஒரு காரணம் வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் காரணத்தை உண்டாக்குவது கடினமன்று. சிங்கப்பூரில் 2014இல் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்ற முயற்சி தொடங்கியது. பழுதான மின்விசிறி, சோற்றுப்பானை முதலியவற்றை மக்கள் கொண்டுவருவார்கள். தொண்டூழியர்கள் உடனிருந்து சரிசெய்யக் கற்றுக்கொடுப்பார்கள். அதுபோல ஒரு மேசையை மூத்தோர் நிலையத்திலோ சமூக மன்றத்திலோ வாரம் ஒருமுறை போட்டால், மின் தொழிலாளியாக இருந்தவர் வருவார். அவரைப் பார்க்க இன்னும் இருவர் வருவார்கள்.

“ஆண்களுக்கு மட்டும் என்று பிரிப்பது சரியா?” என்ற கேள்வியும் எழும். புரோபஸ் மன்றங்கள் பல இன்று இருபாலருக்கும் உரியவையாகிவிட்டன. பட்டறைகள் சிலவும் பெண்களை வரவேற்கின்றன. கதவைச் சாத்துவது நோக்கமன்று. கதவுக்கு வெளியே தயங்கி நிற்பவரை உள்ளே அழைத்து வருவதுதான் நோக்கம்.

நான்கு காரியங்கள்

தொடங்க நினைப்பவர்களுக்கு இந்த மூன்று நாட்டு அனுபவமும் நான்கு காரியங்களைச் சொல்கிறது. முதலாவது, நாளும் நேரமும் மாறக்கூடாது. மழை பெய்தாலும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்றால் பத்து மணிதான். இரண்டாவது, கைக்கு ஒரு வேலை வேண்டும். அது கேரம் பலகையாக இருக்கலாம், தொட்டிச் செடியாக இருக்கலாம், பழுதான மின்விசிறியாகவும் இருக்கலாம். மூன்றாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பொறுப்பு. ஒருவர் தேநீர், ஒருவர் கணக்கு, ஒருவர் சாவி. தன்னால் ஆவது ஒன்று இருக்கிறது என்பதற்காகவே மனிதர் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வருவார். நான்காவது, வராதவரை அன்றே அழைத்துக் கேட்பது. முதல் மூன்றில் குறையிருந்தாலும் சமாளிக்கலாம். நான்காவது இல்லாவிட்டால் அது மன்றமன்று, வெறும் கூடம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்று பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, அழைத்துவருவது, கட்டணம் கட்டுவது என்று வாரத்தின் ஏழு நாளையும் நிரப்பிவிடாதீர்கள். ஒரு காலையையாவது அவருக்கென்று விட்டுவிடுங்கள். அந்த ஒரு காலைதான் மற்ற ஆறு நாட்களையும் அவருக்குச் சுமையில்லாமல் ஆக்கும்.

ஓய்வுபெற்ற பெரியவர்களே, உங்கள் கைப்பேசியில் பழைய வேலைத்தோழர் ஒருவரின் எண் இருக்கும். அழைக்கக் காரணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஐந்து பேர், ஒரு மேசை, ஒரு கிழமை; இவ்வளவு போதும். அந்தக் கிழமையைச் சொல்லத்தான் அழைக்கிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் அழைப்புக்காக அவரும் அங்கே காத்திருக்கக்கூடும்.